ஒலிம்பிக் தங்கம் வாங்காத விளையாட்டு வீரர்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவர் யாரு, ஏன்?

யோசிக்கவே வேண்டாம், மாவோ அசாடா தான். ஜப்பான்ல நகோயா ஊர்க்காரங்க, ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸ் மேல இசைக்கு ஆடுற விளையாட்டு), பெண்கள் சிங்கிள்ஸ். மூணு தடவை உலக சாம்பியன், ஒலிம்பிக்ல ஒரே ஒரு வெள்ளி.

நான் இந்த விளையாட்டைப் பார்க்க ஆரம்பிச்சதே யூடியூப்ல 2014 சோச்சி ஒலிம்பிக் வீடியோ ஒண்ணு தானா வந்து நின்னதுனால தான். நீல டிரெஸ்ல ஒரு பொண்ணு ஆடி முடிக்குது, முடிச்ச அடுத்த செகண்ட் முகத்தை மேல தூக்கி அழுகுது. பாவம் தோத்துடுச்சு போலன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா அது அவங்க வாழ்க்கையிலேயே பெஸ்ட் ஆட்டமாம். அப்ப எதுக்கு அழணும்னு தேடப் போயி, ஒரு ராத்திரி முழுக்க அவங்க பழைய வீடியோவா பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

2005 டிசம்பர்ல டோக்கியோல நடந்த கிராண்ட் பிரி ஃபைனல்ல (அந்த சீசனோட டாப் ஆளுங்க மட்டும் ஆடுற போட்டி) அப்போதைய உலக சாம்பியன் இரினா ஸ்லூட்ஸ்காயாவையே தோற்கடிச்சு ஜெயிச்சாங்க, அப்ப வயசு 15. ரெண்டே மாசத்துல டுரின் ஒலிம்பிக். ஆனா போக முடியல. ஜூலை 1க்கு முன்னாடி 15 வயசு முடிஞ்சிருக்கணும்னு ரூல், இவங்க பிறந்தது செப்டம்பர் 25, அந்த 87 நாள்ல ஒரு ஒலிம்பிக்கே போச்சு. இப்ப நினைச்சாலும் எனக்கு ஆறல.

அடுத்து இந்த ட்ரிபிள் ஆக்ஸல்ங்கற ஜம்ப், இது புரியலன்னா மாவோவைப் புரியாது. மத்த எல்லா ஜம்ப்பும் பின்பக்கமா போயிட்டே எகிறுறது, ஆக்ஸல் மட்டும் தான் முன்னாடி பார்த்து எகிறணும். ஆனா இறங்குறது எல்லாத்தையும் மாதிரி பின்பக்கமா தான், அதனால அரைச் சுத்து கூடுதலா வரும். அதாவது காத்துல மூணரைச் சுத்து சுத்திட்டு, ஒத்தைக் காலு பிளேடோட வெளி ஓரத்துல வந்து நிக்கணும். பெண்கள்ல இதை முதல்ல போட்டியில செஞ்சது 1988ல மிடோரி இட்டோ, அவங்களும் நகோயா தான். அதுக்கப்புறம் மாவோ வர்ற வரைக்கும் செஞ்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். மாவோ காலத்துல கூட ஆடுற பொண்ணுங்க யாரும் அனேகமா அது பக்கமே போகல, ரிஸ்க்குக்கு ஏத்த பாயின்ட் கிடைக்காதுன்னு தெரியும். இவங்க பெரும்பாலும் ஆட்டத்தையே அதை வச்சுத்தான் ஆரம்பிப்பாங்க. 2008 உலக சாம்பியன்ஷிப்ல ஃப்ரீ ஸ்கேட் (ரெண்டாவது ரவுண்டு, நீளமான ஆட்டம்) ஆரம்பத்துலயே அதுக்கு எகிறப் போயி வழுக்கி விழுந்து ஓரத்துப் பலகை வரைக்கும் சறுக்கிட்டே போனாங்க, பாட்டு பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு, எழுந்து வந்து மிச்சத்தை ஆடி அந்தப் பட்டத்தையும் ஜெயிச்சாங்க.

2010 வான்கூவர்ல ஒரே போட்டியில மூணு ட்ரிபிள் ஆக்ஸல், எந்தப் பெண்ணும் அதுக்கு முன்னாடி செய்யாதது. ஆனா கொரியாவோட யூனா கிம் அன்னைக்கு ஆடினது வேற லெவல், 228.56. மாவோ 205.50, வெள்ளி. யூனா ரசிகர்களோட எனக்கு சண்டையே இல்ல, அந்தத் தங்கம் நியாயமான தங்கம்.

என்னை ரொம்ப பாதிச்சது அதுக்கப்புறம் நடந்தது தான். ஒலிம்பிக் வெள்ளி, அதே 2010லயே ரெண்டாவது உலகப் பட்டம், எல்லாம் கையில இருக்கும்போது நோபுவோ சாட்டோன்னு ஒரு வயசான கோச்கிட்ட போயி, எல்லா ஜம்ப்பையும் அடியில இருந்து திரும்ப கத்துக்க ஆரம்பிச்சாங்க. ரிசல்ட் சரிஞ்சுது, 2011 உலகப் போட்டியில ஆறாவது. அந்த டிசம்பர்ல கனடாவுல கியூபெக்குக்கு கிராண்ட் பிரி ஃபைனல் ஆடப் போயிருக்கும்போது அம்மாவுக்கு ரொம்ப முடியலன்னு தகவல் வந்து, போட்டியை விட்டுட்டு கிளம்பினாங்க, வந்து சேர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. 48 வயசு தான். அதே மாசக் கடைசியில நேஷனல்ஸ்ல இறங்கி ஜெயிச்சாங்க, எப்படி அந்த ஐஸ்ல போய் நின்னாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

இப்ப சோச்சி. ஷார்ட் புரோகிராம்ல, அதாவது முதல் ரவுண்டு சின்ன ஆட்டத்துல, கடைசி ஆளா வந்தாங்க, ஆக்ஸல்ல விழுந்து, அடுத்தடுத்து சொதப்பி, 55.51, பதினாறாவது இடம். மெடல் அங்கேயே முடிஞ்சுது. ஜப்பான்ல ஒரு முன்னாள் பிரதமரே ‘அந்தப் பொண்ணு முக்கியமான நேரத்துல எப்பவும் விழுந்துடும்’னு மேடையில பேசுறார்.

மறுநாள் ஃப்ரீ ஸ்கேட். பதினாறாவது இடம்ங்கறதால மெடலுக்குப் போட்டி போடுறவங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இறங்கணும். ராக்மனினாஃபோட பியானோ ஆரம்பிக்குது, முதல் ஜம்ப்பே ட்ரிபிள் ஆக்ஸல், நச்சுனு நின்னுது. ஆறு வகை ட்ரிபிள் ஜம்ப்பும் போட்டாங்க, மொத்தம் எட்டு, ஒண்ணுல கூட விழல. கடைசி ஃபுட்வொர்க்ல இசை ஏற ஏற காலு அடங்காம ஓடுது, கையை வீசி நிறுத்தி மேல பார்க்கறாங்க, உதடு துடிக்குது, அழுகை வந்துடுது, அதோடவே சிரிக்க முயற்சி பண்ணிக் குனிஞ்சு வணங்கறாங்க. 142.71. அன்னைக்கு ஃப்ரீ ஸ்கேட்ல மூணாவது ஸ்கோர், வெண்கலம் வாங்கின கரோலினா கோஸ்ட்னரை விட 0.10 கூட. ஆனா மொத்தத்துல ஆறாவது இடம்.

அடுத்த மாசம் சைட்டாமா உலக சாம்பியன்ஷிப்ல அதே ஷார்ட் புரோகிராமுக்கு 78.66, அப்ப அது உலக சாதனை. வேற வேற போட்டி பாயின்ட்டைக் கூட்டக் கூடாதுன்னு தெரியும், இருந்தாலும் கூட்டிப் பார்த்தேன், 221.37. சோச்சியில அது வெள்ளி. அந்த சைட்டாமாவுல தான் மூணாவது உலகப் பட்டம்.

ஒரு வருஷம் ஓய்வெடுத்துட்டு திரும்ப வந்தாங்க, முழங்கால் ஒத்துழைக்கல. 2016 நேஷனல்ஸ்ல பன்னிரண்டாவது, அந்த நிலைமையிலயும் ட்ரிபிள் ஆக்ஸலை முயற்சி பண்ணாம விடல. 2017 ஏப்ரல்ல ரிடையர்மென்ட் பிரஸ் மீட்ல ஒருத்தர் கேட்டார், ட்ரிபிள் ஆக்ஸல்கிட்ட பேச முடிஞ்சா என்ன சொல்வீங்கன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ஏன் என்னை இன்னும் சுலபமா எகிற விடலன்னு கேட்பேன்னு சொன்னாங்க. கடைசியில நன்றி சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு, சட்டுன்னு கேமராவுக்கு முதுகைத் திருப்பி நின்னு துடைச்சுட்டு, சிரிச்சுக்கிட்டே திரும்பினாங்க.