ஆரம்பம் தெரியாத புற்றுநோய்: ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. கழுத்தில் நெறி கட்டியது. பயாப்ஸியில் அடினோகார்சினோமா (சுரப்பித் திசுவில் தொடங்கும் புற்றுநோய்), வேறெங்கோ இருந்து பரவியது என்று வந்தது. பெட் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தும் ஆரம்ப இடம் தெரியவில்லை. இப்போது ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள், செலவு அதிகம். இடம் தெரிந்துவிடுமா? ரிசல்ட் வரும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். ரிசல்ட் வரச் சில வாரங்கள் ஆகும், இந்த நோய் அதுவரை காத்திருக்காது. டாக்டர் கீமோ தொடங்கலாம் என்றால் தொடங்கிவிடுங்கள், டெஸ்ட் ஒருபக்கம் நடக்கட்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் இந்த டெஸ்ட் என்று நினைக்க வேண்டாம். கட்டியின் ஜீன்களில் என்ன மாற்றம் இருக்கிறது, அதற்கென்று மருந்து உண்டா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். எம்.எஸ்.ஐ. ஹை (டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் வேலை கட்டியில் பழுதாகியிருப்பதன் அடையாளம்) என்று வந்தால் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தைக் கொடுக்கலாம். நோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்று பாராமல் 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த மருந்து அது. என்.டி.ஆர்.கே. இணைவுக்கு (அந்த ஜீன் வேறொரு ஜீனோடு ஒட்டிக்கொள்வது) லாரோட்ரெக்டினிப் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் அந்த மாற்றம் ரொம்ப அபூர்வம்.

சரி, பலன் எவ்வளவு? ஆரம்பம் தெரியாத புற்றுநோய் உள்ளவர்களிடம் நடத்தி, 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கப்பிஸ்கோ ஆய்வில், மூன்று சுற்று கீமோவில் நோய் கட்டுப்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஜீன் ரிப்போர்ட் பார்த்து மருந்து கொடுத்தவர்களுக்கு நோய் மோசமாகாமல் இருந்த காலம் 6.1 மாதம், கீமோவைத் தொடர்ந்தவர்களுக்கு 4.4 மாதம். பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆயுள் நீள்கிறது என்றும் அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் இது சராசரிதான், பொருத்தமான மாற்றம் கிடைப்பவருக்குக் கணக்கே வேறு. அது உங்கள் அப்பாவுக்கு இருக்குமா என்பதை டெஸ்ட் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

பணம் கட்டுவதற்கு முன் லேபில் ஒன்று கேளுங்கள். பயாப்ஸி சதையை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று வைத்திருப்பார்கள், சாயம் ஏற்றிப் பார்ப்பதற்காக அதையே சீவிச் சீவி எடுத்திருப்பார்கள், பல நேரம் ஜீன் டெஸ்டுக்குப் போதுமான சதையே மிஞ்சாது. மிஞ்சவில்லை என்றால் ரத்தத்திலேயே பார்க்க முடியுமா, இல்லை மறுபடி பயாப்ஸியா என்று டாக்டரிடம் பேசுங்கள். அப்புறம், ரிப்போர்ட்டில் ஏதாவது வந்தால் அந்த மருந்து உங்கள் கைக்கு எட்டுமா, மாதம் எவ்வளவு ஆகும் என்பதையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், இதை யாரும் தானாகச் சொல்வதில்லை.

முழு டெஸ்டுக்குக் கட்டுப்படியாகாது என்றால், அதே பிளாக்கில் எம்.எம்.ஆர். (மேலே சொன்ன பிழை திருத்தும் புரதங்கள்), ஹெர்2 (தனி மருந்துகள் உள்ள ஒரு புரதம்) சாயப் பரிசோதனைகளையாவது செய்யச் சொல்லுங்கள். செலவு பல மடங்கு குறைவு.