நையாண்டிப் பாட்டு பாடும் நாட்டுப்புறக் குழுவை இசை விழாக்களில் மதிப்பார்களா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: நான்கு நண்பர்கள் சேர்ந்து, ஊருக்கெல்லாம் தெரிந்த மெட்டுகளில் கிண்டலான வரிகளைப் போட்டுப் பாடும் நாட்டுப்புறக் குழு ஒன்று தொடங்கப்போகிறார்கள். சிங்கப்பூர்த் தமிழ்க் கூட்டத்தில் அது எடுபடுமா, விழா நடத்துபவர்கள் இசைக்குழுவாக மதிப்பார்களா, இல்லை இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே நேரம் ஓட்டும் கூத்தாக ஒதுக்கிவிடுவார்களா?

இங்கே அப்படி ஒரு சின்னக் குழுவில் சில வருடங்களாக டோலக் வாசிக்கிறேன். எடுபடும், அதில் சந்தேகம் வேண்டாம். மதிப்பு கிடைப்பது மட்டும் உங்கள் வாசிப்பின் கையில் இருக்கிறது. வரிகள் சிரிக்க வைக்கும். ஆனால் தாளம் ஆடினால், சுருதி விலகினால், அந்தச் சிரிப்பு பாட்டை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடும். நையாண்டிக்குப் பயிற்சி குறைவாகப் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் இதற்குத்தான் கூடுதலாகப் பயிற்சி வேண்டும். மூலப்பாட்டு எப்படி இருக்கும் என்று கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் பிசகினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் செய்ததைப் பாருங்கள். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் காலட்சேபம் வரும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை எடுத்துத் திருப்பிப் போட்டது அது. நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான். கிந்தன் படிப்புக்காகப் பட்டணம் போகத் துடிக்கிறான். கதையைத்தான் மாற்றினாரே தவிர, காலட்சேபத்தின் நடையில் அவர் கை வைக்கவில்லை. பாகவதர் எப்படி நின்று, எப்படி இழுத்துப் பாடி, எங்கே நிறுத்திப் பேசுவாரோ, அப்படியே. காலட்சேபம் தெரிந்தவர் மட்டுமே அதைச் செய்திருக்க முடியும்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதிக்காரர்களான வுர்சல்ஸ் குழு. 1976 ஜூனில் அவர்களுடைய பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடத்துக்கே வந்தது. அமெரிக்கப் பாடகி மெலனியின் பாட்டு ஒன்றின் மெட்டு. மூலத்தில் வருவது சக்கரக் காலணியும் அதன் சாவியும். இவர்களோ அதையே ஒரு விவசாயி, தன் நிலத்தையும் அறுவடை இயந்திரத்தையும் சொல்லி ஒரு பெண்ணைக் கல்யாணத்துக்குக் கேட்பதாக ஆக்கினார்கள், அதுவும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே. இரவல் மெட்டைச் சொந்த மண்ணில் ஊன்றியதால்தான் அது நின்றது. நியூசிலாந்தின் ஃபிளைட் ஆஃப் த கான்கார்ட்ஸ் இரட்டையர் 2008இல் கிராமி வாங்கியதும் நகைச்சுவைப் பாட்டுக்குத்தான்.

சிங்கப்பூருக்கு இது புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1893இலேயே இங்கே ரங்கசாமி தாசன் என்பவர் ‘அதிவிநோதக் குதிரைப் பந்தய லாவணி’ என்று ஒரு சிறு நூல் போட்டிருக்கிறார். தன் துணையை அழைத்துக்கொண்டு, தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டே, குதிரைப் பந்தயம் பார்க்கப் போகும் பாட்டு. வழியில் பார்க்கும் மனிதர்கள், கடைகள், வண்டிகள் எல்லாம் லாவணிச் சந்தத்தில் வரும். அதே காலத்தில் தமிழகத்துக் குஜிலி என்கிற அந்திச் சந்தைக் கடைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களிலும், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டைக் காட்டி ‘இன்ன வர்ணமெட்டு’ என்று போட்டுவிட்டு, வெள்ளம், விலைவாசி, விபத்து என்று அன்றைய சேதியைப் பாடியிருப்பார்கள். நீங்கள் செய்யப்போவது அந்த வேலைதான்.

சரி, எப்படிச் செய்வது? எங்கள் குழு பாடுவதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தாலாட்டு. மூலம் எல்லாருக்கும் தெரியும்:

ஆரடிச்சு நீ அழுதே, அடிச்சாரைச் சொல்லியழு
மாமன் அடிச்சாரோ மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே

இதை, கார் வாங்கிவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கும் கணவனுக்கு மனைவி பாடுவதாக மாற்றினோம்:

ஆரடிச்சு நீ அழுதே, அடிச்சாரைச் சொல்லியழு
ஈஆர்பி அடிச்சதுவோ எட்டரை மணியினிலே
சீஓஈ அடிச்சதுவோ சீறிவந்த ஏலத்திலே

முதல் வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைக் கேட்டுப் பாட்டிமார்கள் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாவது வரியில் சாலைக் கட்டணக் கம்பம் வந்ததும் ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். மூன்றாவதில் வாகன உரிமைச் சான்றிதழ் ஏலம் வரும்போது மொத்தக் கூட்டமும் சேர்ந்துவிடும். மாமனுக்கு மல்லிகை, அத்தைக்கு அரளி என்று மூலத்தில் மோனை வருவதைப் போல ஈஆர்பிக்கு எட்டரை, சீஓஈக்குச் சீறி. இந்த ஓசை பொருந்தாமல் இருந்தால் அதே விஷயத்துக்குப் பாதிச் சிரிப்புதான் வரும். குறில் இருந்த இடத்தில் நெடிலைத் திணிக்காதீர்கள். சொல் எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் சந்தத்துக்குள் உட்காரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பாடுகிறவர் சிரிக்கவே கூடாது. எங்கள் பாடகி அதை உண்மையான தாலாட்டாகத்தான் பாடுவார். கண்ணை லேசாக மூடி, ‘ஏலத்திலே’யை ஒரு நீண்ட கமகத்தோடு இறக்குவார். நான் டோலக்கை விரல் நுனியால் தொட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். மனைவியின் பரிவு உண்மையாக இருப்பதால்தான் அந்தக் கடன்காரக் கணவன்மேல் நமக்கும் ஒரு பாசம் வருகிறது. கேலி அவன்மேல் இல்லை.

சினிமா மெட்டா, நாட்டுப்புற மெட்டா என்றால் தயங்காமல் நாட்டுப்புறம். சினிமா மெட்டில் கைத்தட்டல் சீக்கிரம் கிடைக்கும்தான். ஆனால் மூலப்பாட்டின் நாயகன், காட்சி, பாடகரின் குரல் எல்லாம் கேட்பவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதன் முன்னால் உங்கள் நான்கு பேர் வாத்தியம் சின்னதாகத் தெரியும். உரிமைப் பிரச்சினையும் உண்டு. இங்கே பதிப்புரிமை, படைத்தவர் மறைந்து 70 ஆண்டுவரை இருக்கும். மேடையில் பாடுவதற்கு, இசைப் படைப்பாளர்களின் உரிமைகளைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பின் உரிமம் வேண்டும், அதை வழக்கமாக நடத்துபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வரியை மாற்றி வெளியிட உரிமையாளரின் சம்மதம் தனி. வழிவழியாக வரும் கும்மிக்கும் தெம்மாங்குக்கும் தாலாட்டுக்கும் அந்தக் கவலை இல்லை. மெட்டு கேட்பவருக்கும் சொந்தம், உங்களுக்கும் சொந்தம்.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரலில் நடக்கும் தமிழ் மொழி விழாவிலோ, எஸ்பிளனேட்டின் கலா உத்சவத்திலோ, சமூக மன்றப் பொங்கலிலோ உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள். மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர், போன வருடம் மதுரையிலிருந்து வந்த பொறியாளர், வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை, பக்கத்தில் மலாய் நண்பர் ஒருவர். எல்லாருக்கும் பொதுவானது இந்த ஊர் வாழ்க்கை. பிடிஓ என்கிற புது அரசு அடுக்குமாடி வீட்டுக்குக் காத்திருப்பது, உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட் போட்டு இடம் பிடிப்பது, காலை ரயில் நெரிசல். பாடுபொருளை இங்கிருந்து எடுங்கள். தமிழக அரசியல் கிண்டல் இங்கே பாதிப் பேருக்குப் புரியாது.

முடிந்தால், மலாய்க்காரர்களின் குழுப்பாட்டான டிக்கிர் பாராட் பாடும் ஒரு நல்ல குழுவை நேரில் போய்ப் பாருங்கள். துக்காங் காருட் என்கிற பாடகர் அந்த இடத்திலேயே குறும்பாக வரிகட்டுவார், தரையில் உட்கார்ந்திருக்கும் குழு கைதட்டி, உடலசைத்து அதைத் திருப்பிப் பாடும். நம் வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுகிறவர் செய்வதும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. இரண்டு பாட்டுக்கு நடுவே என்ன பேசுவது என்று திணறும் குழுக்களுக்கு அந்த ‘ஆமா’ ஆள் பெரிய பலம். பாடகர் ஒன்று சொல்ல, அவர் அப்பாவியாகத் திருப்பிக் கேட்க, அடுத்த பாட்டு தானாகத் தொடங்கிவிடும். உங்கள் நால்வரில் ஒருவரை இப்போதே அதற்குப் பழக்குங்கள்.

பொது நிகழ்ச்சிக்கு, அரசின் ஊடக ஆணையமான ஐஎம்டிஏவின் உரிமம் வாங்கும்போது பாடல் வரிகளை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் வரிகளைக் கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள். இனம், மதம் பக்கம் போகவே வேண்டாம். போகாமலே சிரிக்க இங்கே நிறைய இருக்கிறது. அப்புறம், நிகழ்ச்சியின் முதல் பாட்டாக ஒரு வரிகூட மாற்றாத அசல் தெம்மாங்கு ஒன்றைப் பாடுங்கள், உங்களால் முடிந்த அளவு அருமையாக. இவர்களுக்குப் பாட வரும் என்று கூட்டத்துக்குத் தெரிந்த பிறகு, இரண்டாவது பாட்டில் ஈஆர்பியைக் கொண்டுவாருங்கள்.