வாசகர் கேள்வி - பதில்: அந்த 77 எங்கிருந்து வந்தது?

உயிரித் தொழினுட்பச் செய்திகளை வகுப்பறையில் எப்படிக் கையாளுவது என்று வந்த கேள்விகளில் சில இந்த முறை.

கேள்வி: தரம் 12க்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் வட்ஸ்அப்பிலும் யூரியூப்பிலும் கண்ட செய்திகளைக் கொண்டுவருகிறார்கள். அறிவித்தற் பலகை நிறையப் பத்திரிகைத் துண்டுகள். ஆனால் எது நம்பத் தகுந்தது என்று கேட்டால் முழிக்கிறார்கள். பாடத்திட்டம் முடிக்கவே நேரம் காணாது. ஒரு பாடவேளைக்குள் என்ன செய்யலாம்? - ஆசிரியை, கோண்டாவில்

பதில்: முதலில் அந்தப் பலகையை வெறுமையாக்குங்கள். முப்பது துண்டு ஒட்டினால் முப்பது தலைப்புத்தான் பிள்ளையின் தலையில் நிற்கும். இரண்டு கிழமைக்கு ஒரு செய்தி, 40 நிமிடம், போதும். ஆனால் அந்த ஒன்றை அது பிறந்த இடம்வரை கொண்டுபோக வேண்டும்.

மாரி பிறந்தால் டெங்கு எங்கள் வீட்டுக் கதை. ஆகவே இதிலிருந்து தொடங்கலாம்: 'பற்றீரியா ஏற்றிய நுளம்புகள் டெங்கை 77 வீதம் குறைத்தன.' 2021 ஜூனில் பல நாட்டு ஊடகங்களில் வந்த செய்தி. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில், நுளம்புக்குள் டெங்கு வைரசு பெருகுவதைக் குறைக்கும் வொல்பாக்கியா என்ற பற்றீரியாவைச் சுமந்த ஏடிஸ் எஜிப்தி நுளம்புகளைப் பெருக விட்டு நடத்திய ஆய்வு அது.

முதல் ஐந்து நிமிடத்துக்குத் தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதி, 'இதில் உங்களுக்கு விளங்கியது என்ன?' என்று ஒரே ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கள். 'மரபணு மாற்றிய நுளம்பு' என்று எழுதுகிற பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். அது பிழை. பழ ஈயில் இயல்பாக வாழும் பற்றீரியாவை நுளம்பு முட்டைக்குள் செலுத்தி நிலைக்க வைத்தார்கள். நுளம்பின் பரம்பரையலகில் யாரும் கைவைக்கவில்லை. அந்தத் தாள்களைத் திருத்தாமல் வாங்கி வையுங்கள், பாடமுடிவில் தேவைப்படும்.

அடுத்த பத்து நிமிடம் ஊற்றைத் தேடுவது. செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஊடக அறிக்கை இருக்கும், அதற்குப் பின்னால் ஆய்வுக் கட்டுரை. இந்தக் கட்டுரை வெளிவந்தது நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற மருத்துவச் சஞ்சிகையில். வகுப்பில் இன்டர்நெற்றை நம்பியிருக்காமல், முதல்நாளே ஆய்வுச் சுருக்கத்தையும் முடிவு அட்டவணையையும் ஒரே ஏ4 பக்கத்தில் எடுத்து, இரண்டு பேருக்கு ஒன்றாகப் போட்டோக் கொப்பி அடித்து வைத்திருங்கள். முழுக் கட்டுரையையும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் கடைசிப் பந்தியைப் பார்த்து எழுதிவிட்டுக் கொப்பியை மூடிவிடுவார்கள்.

பிறகுதான் உண்மையான வேலை. நகரை 24 கொத்தணிகளாகப் பிரித்து, எழுமாற்றாக 12இல் நுளம்பு விட்டார்கள், 12இல் விடவில்லை. வழமையான டெங்குத் தடுப்பு வேலைகள் இரண்டிலும் நடந்தன. இங்கே ஒரு சொற்பொறி உண்டு. 'கட்டுப்பாட்டுக் கொத்தணி' என்று சொன்னால், டெங்கைக் கட்டுப்படுத்திய பகுதி என்று பிள்ளைகள் தலைகீழாக எடுத்துக்கொள்வார்கள். 'விட்ட பகுதி', 'விடாத பகுதி' என்றே சொல்லுங்கள். பலகையில்:

விட்ட பகுதி: 2,905 பேரில் 67 பேருக்கு டெங்கு
விடாத பகுதி: 3,401 பேரில் 318 பேருக்கு டெங்கு

வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2.3 வீதமும் 9.4 வீதமும் வரும். அப்படியானால் நகரத்தில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு டெங்கா? இல்லை. இந்த 2,905, 3,401 எல்லாம் காய்ச்சலோடு சுகாதார நிலையத்துக்கு வந்த, 3 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். மேலே நிற்கிற எண் எவ்வளவு முக்கியமோ, அதன் கீழே நிற்கிற எண் யாரைக் குறிக்கிறது என்பது அதைவிட முக்கியம். ஒரு தவணை முழுக்க இதை மட்டுமே படிப்பித்தாலும் நட்டமில்லை.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அடுத்த கேள்வியைக் கேட்கும்: 9.4 என்பது 2.3 ஆகக் குறைந்தால் 75 வீதம்தானே வருகிறது, 77 எங்கிருந்து வந்தது? பயப்படாமல் விளக்குங்கள். காய்ச்சல்காரரில் டெங்கு உள்ளவரை இல்லாதவரோடு ஒப்பிடுகிற ஆய்வுமுறை இது. அதில் மொத்தத்தால் வகுப்பதில்லை, டெங்கு இல்லாதவர் தொகையால் வகுப்பார்கள். விட்ட பகுதியில் 67க்கு 2,838. விடாத பகுதியில் 318க்கு 3,083. முதல் விகிதத்தை இரண்டாவதால் வகுத்தால் 0.229. ஒன்றிலிருந்து கழித்தால் 0.771. அதுதான் அந்த 77.

கடைசிப் பத்து நிமிடத்தில் தலைப்பைப் புதிதாக எழுதச் சொல்லி, முதல் வசனத்தோடு சேர்த்து வாங்குங்கள். 'யோக்யகார்த்தாவில் வொல்பாக்கியா நுளம்பு விட்ட பகுதிகளில் டெங்குக் காய்ச்சல் குறைவு' என்ற அளவில் வந்தால் முழுப் புள்ளி. 'யாழ்ப்பாணத்தில் விட்டாலும் 77 வீதம் குறையும்' என்று எழுதினால் வெட்டுங்கள். அது வேறு நகரம், வேறு சன நெருக்கம். எங்களிடம் டெங்கைப் பரப்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ் நுளம்பும் உண்டு, அங்கே விட்டது எஜிப்தி மட்டும்.

பத்துப் புள்ளியை இப்படிப் பிரிக்கலாம்: ஊற்றைக் கண்டுபிடித்ததற்கு 2, யாரில் அல்லது எதில் ஆய்வு நடந்தது என்பதற்கு 2, எண்ணை அதன் மொத்தத்தோடு எழுதினால் 3, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதற்கு 1, புதிய தலைப்புக்கு 2. வடிவான எழுத்துக்கும் ஒட்டின படத்துக்கும் பூச்சியம்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரை எல்லாம் ஆங்கிலம். தமிழில் தேடினால் இந்திய வீடியோக்கள்தான் வருகின்றன, அதிலுள்ள சொற்கள் எங்கள் புத்தகத்தில் இல்லை. எங்கே தொடங்குவது? - மாணவி, தரம் 13, மானிப்பாய்

பதில்: சொல்லைக் கண்டு வெருள வேண்டாம். மரபணு, ஜீன், பரம்பரையலகு மூன்றும் ஒன்று. குரோமோசோம்தான் நிறமூர்த்தம், கொசுதான் நுளம்பு. கொப்பியின் பின்பக்கத்தில் மூன்று நிரல் போட்டு - ஆங்கிலம், எங்கள் பாடநூல், தமிழ்நாட்டு வழக்கு - வரவர எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தேவையில்லை. முதலில் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடி, மீளப்பெறப்பட்டது (சஞ்சிகையே கட்டுரையைத் திரும்ப எடுத்தது) என்ற அறிவித்தல் இருக்கிறதா, சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்திய பிரதியா என்று பாருங்கள். பிறகு முறையியல் பகுதியின் முதல் இரண்டு பந்தி. எந்த உயிரி, எத்தனை, எவ்வளவு காலம் என்பது அங்கேதான் இருக்கும்.

அந்த இரண்டு பந்தியை வாசிக்காததால் வந்த வினையைப் பாருங்கள். மரபணு மாற்றிய சோளம் தின்ற எலிகள் என்று பெரிய கட்டிகளோடு ஒரு படம் இன்றும் சுற்றுகிறது. 2012இல் பிரான்சில் நடந்த ஆய்வு அது. 200 எலிகள், ஆனால் ஆண், பெண் பிரித்தால் ஒரு குழுவுக்குப் பத்தே பத்து. பயன்படுத்திய ஸ்பிராக்-டோலி இன எலிகளுக்கு இரண்டு வருடம் வளர்த்தாலே, எதைத் தின்றாலும், கட்டி வருவது சாதாரணம். பத்து எலியை வைத்துச் சோளத்தால் வந்ததையும் தானாக வந்ததையும் பிரித்தறிய முடியாது. 2013 நவம்பரில் சஞ்சிகை கட்டுரையை மீளப்பெற்றது. மோசடி என்று அது சொல்லவில்லை, முடிவுக்கு வர இந்தத் தரவு போதாது என்றுதான் சொன்னது. 2014இல் வேறொரு சஞ்சிகை அதே கட்டுரையைத் திரும்ப வெளியிட்டது. மீளப்பெறல் என்றால் எப்போதும் களவு என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: அழிந்துபோன ஓநாய் திரும்பப் பிறந்துவிட்டது என்று மகன் போனில் காட்டுகிறான். உண்மையா? - சாவகச்சேரி வாசகர்

பதில்: டயர் வுல்ஃப் என்ற அழிந்த ஓநாயைத் திரும்பப் பிறப்பித்ததாக 2025 ஏப்ரலில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அறிவித்தது. குட்டிகள் உண்மை. ஆனால் அவை சாம்பல் ஓநாயின் கலங்களில் 14 பரம்பரையலகுகளில் 20 திருத்தங்கள் செய்து பிறந்தவை. சாம்பல் ஓநாயின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 240 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அறிவித்த அன்று, சக ஆய்வாளர் மதிப்பிட்ட கட்டுரை எதுவும் கையில் இல்லை. பழைய ஓநாயின் சில சாயல்களோடு பிறந்த சாம்பல் ஓநாய் என்று மகனுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: இழைய வளர்ப்பு வாழைக்கன்று மரபணு மாற்றியதா? - நீர்வேலி

பதில்: இல்லை. தாய்வாழையின் குருத்திழையத்தைக் கண்ணாடிப் போத்தலில் வளர்த்துப் பெருக்கிய கன்றுகள் அவை. எப்போதாவது ஒன்றிரண்டு தாயைப் போலில்லாமல் மாறி வளர்வதுண்டு. தாய்மரம் வைரசுக்குச் சோதிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு தவணை இப்படிச் செய்து பார்த்தோம். இப்போது பிள்ளைகள் எந்தச் செய்தியைக் காட்டினாலும் 'எல்லாம் காசுக்கு, எல்லாம் பொய்' என்கிறார்கள். - ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: பிழை தேடும் செய்திகளையே தொடர்ந்து கொடுத்திருப்பீர்கள். மூன்றுக்கு ஒன்று, ஆராய்ந்த பிறகும் நிலைத்து நிற்கிற செய்தியாக இருக்கட்டும்.

செங்குழியங்கள் அரிவாள்போல வளைந்து குருதிக்குழாயை அடைத்துக் கடும் வலி தரும் அரிவாள் வடிவச் செங்குழிய நோய்க்கான காஸ்கெவி சிகிச்சையை எடுங்கள். பரம்பரையலகை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் உருவாகி அனுமதி பெற்ற முதல் சிகிச்சை. பிரித்தானியா 2023 நவம்பரிலும் அமெரிக்கா டிசம்பரிலும் அனுமதித்தன. போதிய காலம் கவனித்த 31 பேரில் 29 பேருக்கு, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து கடும் வலித்தாக்குதல் வரவில்லை. பிள்ளைகள் உடனே பிடிப்பார்கள்: வெறும் 31 பேர், ஒப்பிடும் குழுவே இல்லை! நல்லது, அங்கேயே நிறுத்துங்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் முந்திய இரண்டு வருடமும், வருடத்துக்குக் குறைந்தது இரண்டு கடும் தாக்குதல் வந்தது ஆவணத்தில் இருக்கிறது. அவர்களுடைய கடந்தகாலமே ஒப்பீடு. டெங்கு ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும், அதனால்தான் அங்கே விடாத பகுதி தேவைப்பட்டது. இங்கே வந்துகொண்டேயிருந்த தாக்குதல் 29 பேரில் நின்றுபோனதைத் தற்செயல் என்று சொல்வது கடினம்.

காசு என்று சொல்பவர்களுக்கும் வேலை கொடுங்கள். நிறுவனம் குறித்த விலை ஆளொன்றுக்கு 22 இலட்சம் டொலர். விலை கூடியது என்பதும் மருந்து வேலை செய்கிறது என்பதும் இரண்டு வேறு வசனங்கள், தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'என்ன தரவு வந்தால் என் முடிவை மாற்றுவேன்?' என்று ஒரு வரி இடம் விடுங்கள். இந்தச் செய்திக்கு அந்த வரியில் '12 மாதம் 15 வருடமானால்' என்று ஒரு பிள்ளை எழுதினால், அடுத்த செய்தியைத் தெரிவுசெய்யும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள்.