பாக்கெட் போனது, பதில் எங்கே? லினக்ஸ் ரூட்டிங் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரூட்டிங்தான் (பாக்கெட் எந்த வழியில் போகவேண்டும் என்று தீர்மானிப்பது), அதனால் மற்றதைத் தள்ளிவைத்துவிட்டேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். இனி கேட்பவர்கள் ‘நெட் வரல’ என்று மட்டும் எழுதாமல், ‘ஐபி ரூட் கெட்’ போட்டு போகவேண்டிய முகவரியைக் கொடுத்து, அது சொல்வதையும் சேர்த்து அனுப்புங்கள். ரூட் டேபிளை (வழிகளின் பட்டியல்) நாம் கண்ணால் படித்துப் புரிந்துகொள்வது ஒன்று, கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) உண்மையில் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்பது வேறு.

கேள்வி: அண்ணா, லேப்டாப் வைஃபையில் நன்றாக ஓடுகிறது. பக்கத்தில் இருக்கும் டெஸ்ட் ஸ்விட்சில் லேன் கேபிளைச் செருகியதும் இன்டர்நெட் செத்துவிடுகிறது. கேபிளைப் பிடுங்கினால் உயிர் வருகிறது.

பதில்: அந்த ஸ்விட்ச் பக்கம் ஏதோ ஒரு டிஎச்சிபி (தானாக ஐபி முகவரி கொடுக்கும் சேவை) உங்களுக்கு கேட்வேயும் (வெளியே போகும் வாசல்) சேர்த்துக் கொடுக்கிறது தம்பி. இப்போது இரண்டு டிஃபால்ட் ரூட், அதாவது தனி வழி இல்லாத எல்லாம் போகும் வழி. நெட்வொர்க் மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று மெட்ரிக் (முன்னுரிமை எண்) வைக்கும், எண் குறைந்தது ஜெயிக்கும். எனவே எல்லாமே இன்டர்நெட் இல்லாத கேபிளில் போய் முட்டுகிறது. அந்தக் கேபிள் கனெக்‌ஷனில் ‘ஐபிவி4 நெவர் டிஃபால்ட்’ என்பதை ‘எஸ்’ ஆக்குங்கள், போதும்.

கேள்வி: பழைய பிசியில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு ரூட்டர் ஆக்கியிருக்கிறேன். ஒரு பக்கம் 192.168.10.0/24, மறு பக்கம் 192.168.20.0/24. ஐபி ஃபார்வர்ட் (ஒரு கார்டில் வந்ததை மறு கார்டில் அனுப்பும் அனுமதி) 1 என்றுதான் இருக்கிறது. 10.5இல் (அதாவது 192.168.10.5) இருந்து ரூட்டரின் இரண்டு முகவரிக்கும் பிங் போகிறது, 20.7க்கு மட்டும் போகவில்லை. மூன்று நாளாக மண்டை காய்கிறது சார்.

பதில்: மூன்று நாளும் உங்கள் ரூட்டரையே நோண்டியிருப்பீர்கள், அதில் தப்பே இருக்காது. ரூட்டரில் இரண்டு டெர்மினலைத் திறந்து, கார்டுக்கு ஒன்றாக டிசிபிடம்ப் (கடக்கும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, 10.5இல் இருந்து பிங் அடியுங்கள். எக்கோ ரெக்வெஸ்ட் (பிங்கின் கேள்விப் பாக்கெட்) முதல் கார்டில் நுழைந்து இரண்டாவது கார்டில் வெளியேறுவது தெரிந்தால், ரூட்டர் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். (வெளியேறவே இல்லையென்றால் அந்தப் பிசியில் டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருள் இருக்கிறதா பாருங்கள். அது ஃபயர்வாலில் ஃபார்வர்ட் செயினின் பாலிசியை டிராப் ஆக்கிவைத்திருக்கலாம், அப்படியென்றால் ஐபி ஃபார்வர்ட் 1 ஆக இருந்தும் ஒன்றும் கடக்காது.)

நீங்கள் தனியாக அனுப்பிய விவரத்தில் 20.7இன் கேட்வே 192.168.20.254, அதாவது இன்டர்நெட் மோடம். விஷயம் அங்கேதான். பிங் 20.7க்குப் போய்ச் சேர்கிறது, அதுவும் பதில் போடுகிறது. ஆனால் 192.168.10.5 என்பது அதன் சப்நெட்டில் (நேரடியாக எட்டக்கூடிய சொந்த நெட்வொர்க்) இல்லாததால் பதிலைக் கேட்வேயான மோடமிடம் கொடுக்கிறது. மோடத்துக்கு 10 பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, இன்டர்நெட் பக்கம் தூக்கிப் போட்டுவிடும். போகும் வழியை நீங்கள் சொல்லிவைத்தீர்கள், வரும் வழியை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு திசைக்கும் வழியைத் தனியாகத்தான் தீர்மானிப்பார்கள், போன வழியிலேயே திரும்ப வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

மோடத்தில் ஸ்டாட்டிக் ரூட் போடச் சொல்லிப் பலர் எழுதியிருப்பார்கள். போட்டால் பிங் வரக்கூடும், ஆனால் எஸ்எஸ்எச் தொங்கலாம், ஏனென்றால் மோடத்தின் ஃபயர்வால் பேச்சின் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டுத் தூக்கியெறியும். 20.7லேயே ‘ஐபி ரூட் ஆட் 192.168.10.0/24 வயா 192.168.20.1’ போடுவது சுத்தம் (20.1 என்பது உங்கள் ரூட்டரின் அந்தப் பக்க முகவரி என்று வைத்துக்கொள்கிறேன்). அது பிரின்டர் மாதிரி கை வைக்க முடியாத சாமான் என்றால், ரூட்டரில் மாஸ்கரேட் (அனுப்புநர் முகவரியை ரூட்டரின் முகவரியாக மாற்றுவது) போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: விபிஎன் போட்டால் ஆபீசில் எல்லா சர்வரும் வருகிறது, 172.18.5.20 மட்டும் என் லேப்டாப்பில் வராது. மற்றவர்களுக்கு வருகிறது.

பதில்: டாக்கர் கம்போஸ் வைத்திருக்கிறீர்களா? டாக்கர் முதல் பிரிட்ஜுக்கு (மெஷினுக்குள்ளேயே இருக்கும் நெட்வொர்க்) 172.17.0.0/16 எடுக்கும், நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் 172.18, 172.19 என்று ஏறிக்கொண்டே போகும். விபிஎன் 172.16.0.0/12 என்று அகலமாக ரூட் கொடுத்திருக்கும், அதைவிட /16 குறுகலானது (சாய்கோட்டுக்குப் பின் எண் பெரிதானால் எல்லை சிறிது), குறுகலானதுதான் ஜெயிக்கும். இங்கே மெட்ரிக் பேச்சுக்கே இடமில்லை. ‘ஐபி ரூட் கெட் 172.18.5.20’ போட்டால் டெவ் என்ற இடத்தில் ‘பிஆர்’ என்று தொடங்கும் நீளமான பெயர் வரும், அதுதான் ஆள். டாக்கரின் டீமன் ஃபைலில் டிஃபால்ட் அட்ரஸ் பூல்ஸை ஆபீசில் புழங்காத ஒரு எல்லைக்கு மாற்றுங்கள், அப்புறம் பழைய நெட்வொர்க்கை அழித்து மறுபடி உருவாக்குங்கள். அழிக்காவிட்டால் பழசு அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: சர்வருக்கு இரண்டு இன்டர்நெட் லைன். முதல் லைனின் ஐபிக்கு வெளியில் இருந்து வர முடிகிறது. இரண்டாவது ஐபிக்கு வந்தால் டிசிபிடம்பில் பாக்கெட் தெரிகிறது, ஆனால் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) லாகில் ஒரு வரி கூட இல்லை. பேயா இது?

பதில்: பேய் இல்லை, ஆர்பி ஃபில்டர், அதாவது திரும்பும் வழியைச் சரிபார்க்கும் கர்னல் அமைப்பு. பாக்கெட் கார்டுக்குள் வந்ததும் டிசிபிடம்ப் பார்த்துவிடும், அதற்குப் பிறகுதான் கர்னல் ‘இந்த அனுப்புநருக்கு நான் பதில் போட்டால் இதே கார்டு வழியாகவா போகும்?’ என்று கேட்கும். உங்கள் டிஃபால்ட் ரூட் முதல் லைனில் இருப்பதால் விடை ‘இல்லை’, சத்தமில்லாமல் குப்பையில். லாக் மார்ஷியன்ஸை 1 ஆக்கிப் பாருங்கள், கர்னல் லாகில் புலம்பல் வரும். ஆர்பி ஃபில்டரில் 1 கறார், 2 தளர்வு, 0 கண்டுகொள்ளாது. ‘ஆல்’ என்பதிலும் கார்டின் பெயரிலும் இருக்கும் இரண்டு மதிப்பில் பெரியதுதான் செல்லும், அதனால் ‘ஆல்’ 1 ஆக இருக்கும்போது கார்டில் 0 போட்டுப் பயனில்லை, 2 போடுங்கள்.

அது உள்ளே வருவதற்கு மட்டும். பதிலும் இரண்டாவது லைனிலேயே போக, இரண்டாவது ஐபி 203.0.113.10, அதன் கேட்வே 203.0.113.1 என்று வைத்துக்கொண்டால், முதலில் ‘ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 203.0.113.1 டேபிள் 200’ (200 என்பது தனியாக ஒரு ரூட் டேபிள்), அப்புறம் ‘ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 203.0.113.10 டேபிள் 200’. சரிபார்க்கும்போது ரூட் கெட்டில் ஃப்ரம் முகவரியையும் கொடுங்கள், கொடுக்காவிட்டால் அது முதல் லைனையே காட்டி உங்களைக் குழப்பும்.

கேள்வி: வயர்கார்டு விபிஎன்னில் பிங் அருமையாகப் போகிறது, ஆனால் எஸ்எஸ்எச் நடுவில் உறைகிறது, பெரிய பக்கங்கள் திறக்கவில்லை.

பதில்: ரூட்டிங் சரி, அளவுதான் பிரச்சினை. சாதாரண பிங் 84 பைட், எந்தச் சந்திலும் நுழையும். வயர்கார்டு ஐபிவி4 மேல் போனால் 60, ஐபிவி6 மேல் போனால் 80 பைட் கூடுதலாகச் சேரும், அதனால்தான் 1500 பைட் வரை தாங்கும் லைனுக்கு 1420 என்று வைத்துக்கொள்கிறது. உங்கள் லைன் பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் லைன்களில் இருக்கும் இணைப்பு முறை) என்றால் 1492தான், ஐபிவி6இல் அது இடிக்கும். டனல் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) இரண்டு பக்கமும் 1280 ஆக்கிப் பாருங்கள். உறைவது நின்றால் மெல்ல ஏற்றி எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கலாம், நான் சோம்பேறித்தனமாக 1280லேயே விட்டுவிடுவேன்.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டியில் (லினக்ஸ் போன்ற இன்னொரு ஓஎஸ்) ‘ரூட் ஆட்’ போட்டது ரீபூட்டில் போய்விடுகிறது.

பதில்: லினக்சிலும் போகத்தான் செய்யும். ஆர்சி கான்ஃப் ஃபைலில் ‘ஸ்டாட்டிக் ரூட்ஸ்’ வரியில் ஏதாவது ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ‘ரூட்’ என்று தொடங்கும் இன்னொரு வரியில் நெட்வொர்க்கும் கேட்வேயும். அங்கே ‘ஐபி’ கட்டளை கிடையாது, பார்க்க ‘நெட்ஸ்டாட் -ஆர்என்’.

கேள்வி: அவசரம் சார். ரிமோட் சர்வரில் டிஃபால்ட் ரூட்டை மாற்றப் போய் அழித்துவிட்டேன், செஷன் தொங்கிவிட்டது.

பதில்: முதலில் மூச்சு விடுங்கள். நானும் செய்திருக்கிறேன், அதுவும் இரவு ஒன்றரை மணிக்கு, டெல் போட்டு என்டர் தட்டிவிட்டு அடுத்த வரியில் ஆட் என்று தட்டத் தொடங்கியபோது திரையில் எழுத்தே விழவில்லை. டிஃபால்ட் போனாலும் சர்வரின் சொந்த சப்நெட்டுக்கான ரூட் அப்படியே இருக்கும், எனவே அதே சப்நெட்டில் நீங்கள் நுழையக்கூடிய வேறு மெஷின் இருந்தால் அதில் ஏறி அங்கிருந்து எஸ்எஸ்எச் போடுங்கள், திறந்துவிடும். இல்லையென்றால் ஹோஸ்டிங் பேனலில் கன்சோல். அதுவும் இல்லையென்றால் பேனலில் இருந்தே ரீபூட், கட்டளையில் அழித்தது ஃபைலில் அழியவில்லை, திரும்ப வந்துவிடும். அடுத்த முறை டெல், ஆட் என்று இரண்டு வரி வேண்டாம், ‘ஐபி ரூட் ரீப்ளேஸ்’ ஒரே வரி. உபுன்டுவில் ‘நெட்பிளான் ட்ரை’ இருக்கிறது, 120 வினாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் தானே பழைய நிலைக்குப் போகும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது, பைக்கை எடுத்துக்கொண்டு டேட்டா சென்டருக்குப் போனேன்.