அரசுப் பத்திர ஃபண்டில் போட்ட பணம் எப்படிக் குறைந்தது?

கேள்வி: எனக்கு 61 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என் கணக்கு இருக்கும் வங்கியில், “இனி எஃப்.டி. வட்டி குறையத்தான் போகிறது. வட்டி குறைந்தால் இந்த ஃபண்டில் லாபம். எல்லாம் அரசாங்கப் பத்திரம், ரிஸ்க்கே கிடையாது” என்று சொல்லி, 2025 மே கடைசியில் ஒரு கில்ட் ஃபண்டில் 10 லட்சம் ரூபாய் போடவைத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பார்த்தால் 9,73,000 காட்டுகிறது. அரசாங்கப் பத்திரத்தில் பணம் எப்படிக் குறையும்? இதில் 6 லட்சம் வரும் தை மாதம் மகள் கல்யாணத்துக்கு வேண்டும். மீதிக்கு அவசரம் இல்லை. காத்திருக்கவா, எடுத்துவிடவா?

பதில்: ஐயா, கல்யாணத்துக்கான 6 லட்சத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். “போட்டது திரும்பி வரட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்று காத்திருக்க வேண்டாம். அந்த விலை தைக்குள் வரலாம், வராமலும் போகலாம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய தேதி அதற்காக நிற்காது.

இப்போது ஏன் குறைந்தது என்று பார்ப்போம். உங்களிடம் சொல்லப்பட்டது முழுப் பொய்யில்லை. அரசாங்கம் ரூபாயில் வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் போகும் பயம் நடைமுறையில் இல்லை. ஆனால் கடன் திரும்பி வருவது ஒரு விஷயம். அந்தக் கடன் பத்திரம் இன்றைக்குச் சந்தையில் என்ன விலை போகும் என்பது வேறு விஷயம். உங்கள் ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு, இந்த இரண்டாவதைத்தான் தினமும் காட்டுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 100 ரூபாய் முகமதிப்பு, ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி, 10 ஆண்டு முதிர்வு உள்ள பத்திரம் கையில் இருக்கிறது. சந்தையில் வட்டி 8 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. புதிதாக வாங்குபவருக்கு 8 ரூபாய் தரும் பத்திரமே கிடைக்கும்போது, 7 ரூபாய் தருவதை யார் 100 கொடுத்து வாங்குவார்? விலையைக் குறைத்தால்தான் வாங்குவார். கணக்குப் போட்டால் 93 ரூபாய் 29 காசு வருகிறது. அரசாங்கம் ஒரு காசும் குறைத்துத் தரவில்லை, ஆனாலும் விலை இறங்கிவிட்டது. அதே பத்திரத்துக்கு ஓராண்டுதான் மீதி என்றால் விலை 99 ரூபாய் 7 காசு. 30 ஆண்டு மீதி என்றால் 88 ரூபாய் 74 காசு. முதிர்வு தள்ளிப்போகப் போக அடி பெரிதாகிறது. வட்டி குறைந்தாலும் இதே கதைதான், எதிர்ப்பக்கமாக. 6 சதவீதமானால் அந்த 30 ஆண்டுப் பத்திரம் 113 ரூபாய்க்கு மேல் போகும். வங்கியில் உங்களிடம் சொன்னது இந்தப் பாதியை மட்டும்தான்.

“ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்ததே, எனக்கு ஏற வேண்டாமா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ (வங்கிகளுக்குக் கடன் தர ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி), பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று கூட்டங்களில் 5.5-க்கு வந்தது. ஜூன் 6 அன்று சந்தை எதிர்பார்த்ததைவிடப் பெரிய குறைப்பு, அரை சதவீதம். ஆனால் அன்றைக்கே ரிசர்வ் வங்கி தன் நிலைப்பாட்டை ‘நடுநிலை’ என்று மாற்றிக்கொண்டது. இனி குறைக்க அதிக இடமில்லை என்பதுதான் சந்தைக்குப் புரிந்த செய்தி.

ரெப்போ என்பது வங்கிகளுக்கான ஒருநாள், இரண்டு நாள் கடனின் விலை. 30, 40 ஆண்டுப் பத்திரத்தின் விலையை அது நேராகத் தீர்மானிப்பதில்லை. இனி வட்டி எங்கே போகும், பணவீக்கம் எப்படி இருக்கும், அரசு எவ்வளவு கடன் வாங்கும் என்ற ஊகங்கள்தான் அங்கே பேசுகின்றன. வட்டிக் குறைப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அது ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும். நீங்கள் மே கடைசியில் நுழைந்தது அந்த ஏறிய விலையில். அதன்பின் ஆகஸ்டில் ஜிஎஸ்டி குறைப்பு பற்றிய அறிவிப்பு வந்ததும், வரி வருமானம் குறைந்தால் அரசு கூடுதலாகக் கடன் வாங்குமோ என்ற கவலையும் சேர்ந்தது. ஜூன் தொடக்கத்தில் 6.3 சதவீதத்துக்குக் கீழே இருந்த 10 ஆண்டுப் பத்திரத்தின் யீல்டு (அன்றைய விலையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் வருமான சதவீதம்), ஆகஸ்ட் கடைசியில் 6.6-ஐ ஒட்டி வந்தது. அதைவிட நீண்ட பத்திரங்களில் ஏற்றம் இன்னும் அதிகம். அவற்றை வாங்குபவர்கள் பெரும்பாலும் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் ஓய்வூதிய, வருங்கால வைப்பு நிதி அமைப்புகளும்தான். அந்தச் சிலர் கொஞ்சம் கையை இழுத்துக்கொண்டாலே விலை ஆட்டம் காணும்.

உங்கள் ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் ‘மாடிஃபைட் டியூரேஷன்’ என்று ஒரு எண் இருக்கும். நான் முதலில் தேடுவது அதைத்தான். யீல்டு ஒரு சதவீதம் ஏறினால் பத்திரங்களின் விலை ஏறக்குறைய எத்தனை சதவீதம் இறங்கும் என்று அது சொல்லும். உங்கள் நஷ்டத்தை வைத்துப் பார்த்தால் அது 11-ஐ ஒட்டி இருக்கலாம். யீல்டு 0.4 சதவீதம் ஏறினால் 11 பெருக்கல் 0.4, அதாவது விலையில் 4.4 சதவீத இறக்கம். மூன்று மாத வட்டி 1.7 சதவீதம் போல வந்து ஈடுகட்டும். மீதி 2.7 சதவீதம், 10 லட்சத்துக்கு 27,000. உங்கள் கணக்கில் குறைந்திருப்பதும் அதுதான். யாரும் திருடவில்லை, ஃபண்ட் மேனேஜர் தவறு செய்ததாகவும் தெரியவில்லை. உங்கள் தேவைக்குப் பொருந்தாத பொருளை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். தையில் பணம் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இது சாதாரண ஆட்களுக்கு மட்டும் வரும் குழப்பம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் திவாலானதற்கு வாராக்கடன் காரணமில்லை. அரசின் பத்திரங்களிலும் அரசு உத்தரவாதம் கொண்ட நீண்ட காலப் பத்திரங்களிலும் பணத்தைப் போட்டு வைத்திருந்தது. வட்டி ஏறி அவற்றின் விலை இறங்கிய நேரத்தில் டெபாசிட்தாரர்கள் பணம் கேட்டார்கள். விற்றதில் சுமார் 180 கோடி டாலர் நஷ்டம்; அறிவித்த இரண்டே நாளில் வங்கியை மூடிவிட்டார்கள்.

எஃப்.டி.க்கும் உள்ளே இதே ஏற்ற இறக்கம் உண்டு. 7 சதவீத ரசீது கையில் இருக்கும்போது வட்டி 8 ஆனால், உங்கள் ரசீதின் மதிப்பும் குறைந்துதான் போகிறது. யாரும் தினமும் விலை எழுதி ஒட்டுவதில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை. போதாததற்கு, சிறிய அபராதம் கட்டி எஃப்.டி.யை உடைத்து முழு அசலையும் வாங்கிக்கொள்ளலாம். அதாவது விலை இறங்கும் ஆபத்தை உங்களுக்காக வங்கி சுமக்கிறது. இந்த வசதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. குறுகிய காலத் தேவைக்கு எஃப்.டி.யை நான் இன்றும் சிபாரிசு செய்வதற்கு அதுதான் காரணம்.

“அரசுப் பத்திரத்தை முதிர்வு வரை வைத்திருந்தால் முழுப் பணமும் வருமே?” வரும், பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால். 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கில் 10,000 ரூபாயிலிருந்து நேரடியாக வாங்கலாம். கணக்குக்குக் கட்டணம் இல்லை. கில்ட் ஃபண்டில் அப்படி ஒரு முதிர்வுத் தேதி கிடையாது. மேனேஜர் பழையதை விற்றுப் புதியதை வாங்கிக்கொண்டே இருப்பார். முதிர்வுத் தேதி உள்ள ஃபண்ட் வேண்டுமென்றால் ‘டார்கெட் மெச்சூரிட்டி’ வகையைக் கேட்க வேண்டும்.

கடன் திரும்பாத ஆபத்து வேறு வகை. 2018-இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ், 2019-இல் டிஎச்எஃப்எல் ஆகிய நிதி நிறுவனங்கள் கடனைத் திருப்பித் தரத் தவறியபோது அவற்றின் பத்திரங்களை வைத்திருந்த ஃபண்டுகளின் என்ஏவி சட்டென்று விழுந்தது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்ட் நிறுவனம் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது பணம் மாதக்கணக்கில் முடங்கியது. கடன் ஆபத்து, வட்டி ஆபத்து இரண்டையும் ஒரே கட்டத்தில் காட்டும்படி ஃபண்டுகளைக் கண்காணிக்கும் செபி 2021 டிசம்பரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. ஏ, பி, சி என்ற எழுத்து கடன் ஆபத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்ற ரோமன் எண் வட்டி ஆபத்து. உங்கள் ஃபண்ட் ஏ-மூன்று ஆக இருக்கும்: கடன் ஆபத்து குறைவு, வட்டி ஆபத்து அதிகம். உங்களிடம் எழுத்தைக் காட்டினார்கள், எண்ணைக் காட்டவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. 6 லட்சத்தை எடுத்தால் இரண்டு மூன்று வேலை நாளில் கணக்குக்கு வந்துவிடும். கல்யாணத் தேதிக்கு முன் முதிரும் எஃப்.டி.யில் போடுங்கள். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான் என்பதால், சிறிய வங்கி அல்லது கூட்டுறவு வங்கி என்றால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள்.

மீதி 3,73,000. உங்களுக்கு 60 தாண்டிவிட்டது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 2025 செப்டம்பர் காலாண்டுக்கு வட்டி 8.2 சதவீதம். கணக்குத் தொடங்கும் நாளின் வட்டி 5 ஆண்டும் மாறாது. 3,70,000 போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 7,585 ரூபாய் வரும். கில்ட் ஃபண்டில் வட்டி இறங்கி, ஓராண்டு 10 சதவீதத்துக்கு மேல் கிடைக்கவும் வாய்ப்பு உண்டுதான். ஆனாலும் அரசே 8.2 உறுதியாகத் தரும்போது, அதே அரசின் பத்திரத்தை ஏறி இறங்கும் விலையில் வைத்திருக்க உங்கள் வயதில் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அந்த 30 லட்ச வரம்பு உங்களுக்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மட்டும் 5 ஆண்டுக்கு மேல் தொடாத பணமாக இதிலேயே விடலாம். அப்போதும் ‘டைரக்ட்’ பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள். வங்கி மூலம் வாங்கியது ‘ரெகுலர்’ பிளான்; அதில் ஆண்டுதோறும் கமிஷன் போகிறது.

வரி விஷயம் ஒன்று. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய இந்த வகை ஃபண்டுகளில் லாபம் வந்தால் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் உங்கள் வருமான வரி அடுக்கிலேயே சேரும். நஷ்டம் என்றால் அது குறுகிய கால மூலதன நஷ்டம். பென்ஷனிலோ வட்டி வருமானத்திலோ கழிக்க முடியாது. பங்கு, மனை விற்ற லாபம் போன்ற மூலதன லாபத்தில் கழிக்கலாம். இந்த ஆண்டு அப்படி லாபம் எதுவும் இல்லையென்றால் 8 ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம். அதற்கு ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஆடிட்டரிடம் கொடுக்கும்போது ஃபண்ட் நிறுவனத்தின் கேபிடல் கெயின்ஸ் அறிக்கையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.