ஓவனைப் பற்றிக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டில் பாலிமர் கிளே நகை வகுப்பு

டெரகோட்டா, பாலிமர் கிளே (ஓவனில் வேகவைத்தால் கெட்டியாகும் பிளாஸ்டிக் களிமண்) இரண்டிலும் நகை செய்யக் கற்றுத்தருகிறேன். சிங்கப்பூரில் ஒரு கைவினை ஸ்டுடியோவில் 12 பேருக்கு மூன்று மணி நேர வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாப் பொருளையும் இங்கிருந்தே கொண்டுபோவதா? – வாசகி, கோயம்புத்தூர்

கிளேயை அங்கேயே வாங்கிவைக்கச் சொல்லுங்கள். ஒரு ஜோடிக் கம்மலுக்கு 10 கிராம் போதும். ஆனால் பழகிப் பார்ப்பது, வீணாவது, நிறம் கலப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 40 கிராமுக்கு மேலேயே கணக்குப் போடுங்கள். 57 கிராம் பாக்கெட் பத்து இருந்தால் 12 பேருக்குச் சரியாக வரும். அதில் மூன்று வெள்ளையாக இருக்கட்டும், எந்த வகுப்பிலும் முதலில் தீர்வது அதுதான்.

எந்த பிராண்டு வாங்குகிறார்கள் என்பதை முன்பே கேட்டு, அதே பிராண்டில் வீட்டில் ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். பிராண்டுக்கு பிராண்டு வேகும் சூடு மாறும்: ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், செர்னிட்டுக்கு 110 முதல் 130 வரை, ஸ்கல்பி பிரீமோவுக்கு 135. பிரீமோவில் பழகிய கை, செர்னிட்டைத் தொட்டதும் 'என்ன இப்படிக் குழைகிறது' என்று திகைக்கும். அந்தத் திகைப்பு மாணவர்கள் எதிரில் வர வேண்டாம்.

நீங்கள் எடுத்துப்போக வேண்டியவை: செய்து முடித்த மாதிரிகள், கட்டர்கள், டெக்ஸ்சர் ஷீட் (கிளேயில் அழுத்தி வடிவம் பதிக்கும் தகடு), ஓவன் தெர்மாமீட்டர். கிளேயைத் தகடாகத் தேய்க்கும் பாஸ்தா மெஷின் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும், பெட்டியில் இடமும் அடைக்கும். அதற்குப் பதில் சீட்டுக்கட்டு போதும். கிளேயின் இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் சீட்டு அடுக்கி, ரோலர் சீட்டின் மேல் ஓடும்படி உருட்டினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக வரும். ஒரே மெஷினுக்கு 12 பேர் வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

விமான நிலையத்தில் கிளேயைப் பிடுங்கிவிடுவார்கள் என்கிறார்களே? – வாசகர், சேலம்

தடைசெய்த பொருள் அல்ல. ஆனால் எக்ஸ்ரே திரையில் பாலிமர் கிளே கட்டி, பிளாஸ்டிக் வெடிமருந்தைப் போலவே அடர்த்தியாகத் தெரியும். அதனால் பையைத் திறந்து பார்ப்பார்கள். கைப்பையில் வைக்காதீர்கள். செக்-இன் பெட்டியில், பிரிக்காத பாக்கெட்டாக, துணிகளுக்கு நடுவே வையுங்கள். வெயில் சூடு ஏறாமல் துணி தடுக்கும். டிஷ்யூ பிளேடும் (கிளே வெட்டும் நீளமான மெல்லிய பிளேடு) கத்தியும் கட்டாயம் செக்-இன்னில்தான், அட்டையில் சுற்றி. ஸ்பிரே வார்னிஷ் எந்தப் பெட்டியிலும் வேண்டாம். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்.

பிரித்த கிளேயைக் கொண்டுபோவதானால் ஜிப் பாலித்தீன் கவரில் போடுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் கெட்டி பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம். கிளேயை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர் அதை இளக்கிவிடும், டப்பாவும் கிளேயும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரும். டப்பாதான் வேண்டுமென்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டுடியோவில் சின்ன டோஸ்டர் ஓவன்தான் இருக்கிறதாம். 12 பேர் வேலையும் அதில் வேகுமா? – வாசகி, மதுரை

வேகும், ஆனால் அந்த ஓவனின் டயலை நம்பாதீர்கள். 130 என்று திருப்பினால் உள்ளே 110-உம் இருக்கலாம், 160-உம் இருக்கலாம். சின்ன ஓவனில் கம்பி சிவக்கும்போது சூடு ஒரேயடியாக ஏறும், அணைந்ததும் இறங்கும். வகுப்புக்கு முதல் நாளே போய், தெர்மாமீட்டரை நடுத்தட்டில், நகை வைக்கப்போகும் அதே இடத்தில் வைத்து 20 நிமிடம் சூடாக்கிப் பாருங்கள். தேவையான சூடு வரும் இடத்தை டயலில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு சோதனை. 3 மில்லிமீட்டர் கனத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, 30 நிமிடம் வேகவைத்து, முழுக்க ஆறியபின் மெல்ல வளையுங்கள். வளைந்து திரும்பி வந்தால் வெந்துவிட்டது. பிஸ்கட் மாதிரி பட்டென்று ஒடிந்தால் சூடு போதவில்லை. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஒடிந்ததும் 'அதிகம் வெந்துவிட்டது' என்று அடுத்த முறை சூட்டைக் குறைக்கிறார்கள்.

மேல்கம்பி அருகில் இருந்தால் வெள்ளை நிறம் பழுப்பாகிவிடும். அதற்கு ஒரு அலுமினிய டிரேயில் நகைகளை வைத்து, இன்னொரு டிரேயைக் கவிழ்த்து மூடி, ஓரத்தில் கிளிப் போடுங்கள். அடியில் வெள்ளைத்தாள் விரித்து, பென்சிலால் பெயர் எழுதுங்கள். இந்தச் சூட்டில் தாள் கருகாது, டைல்ஸ் மேல் வைத்து வேகவைத்தால் ஆவது மாதிரி நகையின் அடிப்பக்கம் பளபளக்கவும் செய்யாது. ஆளுக்கொரு டைல்ஸ் வைத்தால் அத்தனையும் சூடேறவே கால்மணி நேரம் போய்விடும். எப்படி வைத்தாலும், தெர்மாமீட்டர் பழைய சூட்டுக்குத் திரும்பியபிறகுதான் 30 நிமிடக் கணக்கு ஆரம்பம்.

ஆக நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: செய்து காட்ட 20 நிமிடம், அவர்கள் செய்ய 80, வேக 40, ஆற 15, கொக்கி மாட்ட 25. வேகும் நேரத்தில் சும்மா உட்காராமல் ஜம்ப் ரிங் (கொக்கியையும் நகையையும் இணைக்கும் சின்னக் கம்பி வளையம்) திறக்கக் கற்றுக்கொடுங்கள். பக்கவாட்டில் திருக வேண்டும், இழுத்து அகட்டக் கூடாது.

மைக்ரோவேவ் உதவாது. சூடு 175-ஐத் தாண்டினால் கிளே கருகி, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். அதே ஓவனில் அடுத்த வகுப்புக்கு கேக் போடுகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேகும்போது உணவு கூடவே கூடாது, முடிந்தபின் உள்ளே நன்றாகத் துடைக்கவும் வேண்டும்.

பிளக்: சிங்கப்பூரில் மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், ஆனால் பிளக் மூன்று தட்டைப் பின். அடாப்டர் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட். சூடான காற்று ஊதும் நம் ஹீட் கன்னை அங்கே மாட்டினால் ஏறக்குறைய கால்வாசி சூடுதான் வரும்.

புழுக்கத்தில் கிளே கையில் ஒட்டுகிறது. தண்ணீர் தொட்டுக்கொள்ளலாமா? – வாசகி, நாகப்பட்டினம்

கூடாது. இது டெரகோட்டாவில் இருந்து வரும் பழக்கம். பாலிமர் கிளே தண்ணீரில் கரையாது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வேகும்போது குமிழியாக எழும், ஒளி ஊடுருவும் கண்ணாடி நிறக் கிளேயில் வெள்ளைப் புள்ளி விழும். ஒட்டுகிற கிளேயை மெல்லியதாகத் தேய்த்து இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே புத்தகம் ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். தாளில் எண்ணெய்க் கறை படரும், கிளே இறுகும். நேர்மாறாக உதிர்கிற கிளேக்கு, லிக்விட் கிளே (திரவமாக வரும் பாலிமர் கிளே) சில துளி விட்டுப் பிசையுங்கள். வெயிலில் நின்ற காரில் கிடந்து பாதி வெந்து, கல்மாதிரித் துணுக்கு தட்டுப்பட்டால் தூக்கிப் போடுவதுதான் வழி.

வெள்ளையை முதலில் பிசையச் சொல்லுங்கள், கறுப்பைக் கடைசியில். நடுவே வெட் டிஷ்யூவால் கை துடைத்து உலரவிடட்டும்.

விசா எப்படி? கூப்பிட்டவர்கள் 'டூரிஸ்டாக வாங்க' என்கிறார்கள். – வாசகர், திருச்சி

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா தேவை. அது கிடைத்தபின், பட்டறையில் பயிற்சியாளராக இருப்பது, வேலை அனுமதி தேவைப்படாத செயல்களின் பட்டியலில் வருகிறது. ஆனால் நிபந்தனை உண்டு: அங்கே போய் இறங்கியபின், வகுப்பு தொடங்கும் முன், மனிதவள அமைச்சுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நிகழ்ச்சி பொருள் விற்பதையே முக்கிய நோக்கமாகக் கொண்டிருக்கவும் கூடாது. ஆகவே வகுப்பு ஓரத்தில் நகைக் கடை விரிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் வகுப்பு இந்தப் பட்டியலில் அடங்குகிறது என்பதை ஸ்டுடியோவையே அமைச்சிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இது ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் போய் ஸ்டுடியோவில் கட்டணம் வாங்கி வகுப்பு எடுக்க முடியாது.

மாணவிகளின் கம்மலில் போஸ்ட் (காதில் நுழையும் தண்டு) சில வாரத்தில் கழன்றுவிடுகிறது, சிலருக்கு வார்னிஷ் பிசுபிசுக்கிறது. – வாசகி, ஈரோடு

வழவழப்பான பின்பக்கத்தில் சூப்பர் க்ளூ மட்டும் போட்டதால் வந்த வினை. வெந்த கம்மலின் பின்பக்கத்தைச் சேண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கி, ஒரு துளி லிக்விட் கிளே விட்டு, போஸ்ட்டின் தட்டை வைத்து, அதன்மேல் துளையிட்ட மெல்லிய கிளே வட்டத்தை மூடி, இன்னொரு முறை முழு நேரம் வேகவையுங்கள். மூன்று மணி நேர வகுப்பில் இந்த இரண்டாம் வேக்காட்டுக்கு இடமில்லை. அதனால் அங்கே ஓட்டை போட்டுக் கொக்கி மாட்டும் தொங்கல் மட்டும் கற்றுக்கொடுங்கள், ஓட்டையை வேகுமுன்னே போட்டுவிடச் சொல்லுங்கள்.

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் நெயில் பாலிஷ். அதிலுள்ள கரைப்பான் கிளேயை மெல்ல இளக்கும். தண்ணீர் சார்ந்த பாலியுரேத்தேன் வார்னிஷை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசினால் போதும்.