கலிஃபோர்னியா கவர்னரா ரெண்டு தடவைதான் இருக்கலாம்னு சட்டம், ஜெர்ரி பிரவுன் மட்டும் எப்படி நாலு தடவை?

அந்த ரெண்டு தடவை கட்டுப்பாடு கலிஃபோர்னியாவுல வந்ததே 1990 நவம்பர்லதான், ப்ரொபோசிஷன் 140ன்னு மக்கள் ஓட்டுப் போட்டு கொண்டுவந்த சட்டம். அதுக்கு முன்னாடி இருந்த பதவிக்காலம் கணக்குல சேராது. அவர் 1975-1983 முதல்ல இருந்துட்டார், அதனால 2011-2019 திரும்ப நிக்க தடையே இல்ல.

கவர்னர்கள் லிஸ்ட்ல நீங்க குழம்பினதுக்கு அவரோட அப்பா பேருதான் காரணமா இருக்கும். அப்பாவும் எட்மண்ட் ஜி பிரவுன், மகனும் அதே பேரு, அப்பா 1959-1967 கவர்னர், நடுவுல ரீகன், அப்புறம் மகன்.

நீங்களே செக் பண்ணுங்க: 34, 39 ரெண்டு நம்பர்லயும் மகன்தான் இருக்கணும். முதல்ல வந்தப்ப வயசு 36, திரும்ப வந்தப்ப 72, அதே ஆள், எனக்கு அந்த லிஸ்ட்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. இதனாலதான் அவருக்கு அப்புறம் வந்த நியூசம் 40-வது கவர்னர்னு சொன்னாலும் ஆளுங்கள எண்ணினா 39 பேர்தான் வருவாங்க. தொடர்ந்து ஜெயிச்சா ஒரே நம்பர்தான், ஏர்ல் வாரன் 1942, 1946, 1950னு மூணு தடவை ஜெயிச்சும் அவருக்கு ஒண்ணுதான்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, இந்த ரெண்டு தடவை ரூல வேற ஸ்டேட்டுக்கு அப்படியே போடாதீங்க. வர்ஜீனியாவுல தொடர்ந்து ரெண்டாவது தடவை இருக்கவே முடியாது, ஆனா இடைவெளி விட்டுட்டு வரலாம்.